காரைக்கால் சாப்பிட்டாயிற்று

இன்னும் ஐந்தாண்டுக்குள் இந்தப் பூமியில் எந்த மனிதன் எந்த மூலையில் எதைச் சாப்பிட்டாலும், அவன் கை கழுவி வருவதற்குள் அந்தச் செய்தி உலகத்துக்குத் தெரிந்துவிட வேண்டும் என்று உலக உணவுத் தரவு ஆயத்த மன்றம் தன் ஏழாவது பேரவையில் தீர்மானம் போட்டது. எண்பத்துமூன்று நாடுகள் எழுந்து நின்று கைதட்டின. மனித குலம் நெருப்பைக் கண்டதற்கும் உழவைக் கண்டதற்கும் அடுத்த மூன்றாவது பாய்ச்சல் இது என்று தீர்மானத்தின் முன்னுரை சொல்லியது.

அதன்படி தொலைபேசி வழியே உலகத்துக்கு முதன்முதலாகத் தெரியவந்த செய்தி, காரைக்கால் தலத்தெருவில் அடைக்கலராஜ் என்பவர் மதியம் ரவா உப்புமாவும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டார் என்பது. அவர் சாப்பிடவில்லை.

காரைக்காலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், தலைமையகமோ நூற்றுமுப்பது கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியில். இப்படிச் சுற்றிலும் வெட்டி எடுத்து வைத்த துண்டு உலகத்தில் அதிகம் கிடையாது. இங்கே சேரும் தரவு வெளியே வழியாது என்று மன்றத்தின் நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். சாப்பிடுகிறவர்கள் வழிவார்கள் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. மீன் வண்டி ஓட்டும் சார்லஸ் நாகூரில் வாங்கிய பரோட்டாவை வாஞ்சூர் எல்லையில் வண்டியை நிறுத்திப் பிரித்தார். முன் சக்கரம் இந்தப் பக்கம், பின் சக்கரம் அந்தப் பக்கம். அந்தப் பரோட்டா ஒன்றரை மாதம் 'தீர்வுக்குக் காத்திருப்பவை' பட்டியலில் இருந்தது.

படிவத்தில் இருநூற்றுப்பன்னிரண்டு உணவுகள் இருந்தன. கினோவா இருந்தது, அவகாடோ இருந்தது. இட்லி இல்லை. ஆகவே இட்லி, தோசை, புட்டு, கருவாட்டுக் குழம்பு எல்லாம் 'பிற' என்ற கட்டத்துக்குள் போயின. முதல் மாத அறிக்கை, காரைக்கால் மக்களின் முதன்மை உணவு 'பிற' என்று அறிவித்தது. 'பிற' எந்த மண்ணில் விளைகிறது, ஏற்றுமதிக்கு வாய்ப்புண்டா என்று கேட்டு இரண்டு நாடுகளிலிருந்து கடிதம் வந்தது.

நானூறு வீடுகள் குலுக்கலில் விழுந்தன. அடைக்கலராஜின் வீடும் விழுந்தது. நகராட்சியில் குடிநீர் வால்வு திறந்து மூடும் வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பெனிட்டா இறந்து இரண்டு வருடம். மகள் ஜெனிஷா பிரான்சில், கணவன் வீட்டோடு. ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். பிரஷர் மாத்திரை போட்டீங்களாப்பா என்பாள், போட்டேம்மா என்பார், அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாது. மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

பதிவு செய்ய வந்தவர் மணிபாரதி. நாற்பது வயதைக் கடந்தும் ஒப்பந்த ஊழியர். கையில் இருந்த டேப்லெட்டை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வூட்ல எத்தினி பேருங்க சார்?"

"நான் மட்டுந்தான் தம்பி."

மணிபாரதி ஒன்று என்று போட்டார். திரை நகரவில்லை. மறுபடி போட்டார். டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பியும் போட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுன்னா ஒத்துக்க மாட்டேங்குதுங்க. குடும்பம்னா கொறஞ்சது ரெண்டு பேரு இருக்கணுமாம்."

"அப்ப என்னைய வுட்டுடுங்க."

"வுடவும் முடியாதுங்க. குலுக்கல்ல வந்துட்டீங்களே. ரெண்டுன்னு போட்டுக்கட்டுமா? பேரு கேக்காது. உறுப்பினர் ஒண்ணு, உறுப்பினர் ரெண்டு, அவ்வளவுதான்."

அடைக்கலராஜ் சுவரில் இருந்த பெனிட்டாவின் படத்தைப் பார்த்தார். "போட்டுக்குங்க," என்றார்.

திரை நகர்ந்தது.

தேர்வான வீட்டுக்காரர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. இணை இயக்குநர் தமிழ்ச்செல்வன் பேசினார்: "பசி வயித்துல இருக்குன்னு நெனைக்கிறோம். தப்பு. பசிங்கறது ஒரு தகவல் இடைவெளி. இடைவெளியை நிரப்பிட்டா வயிறு தானா பின்னாடி வந்துடும். நான் பொறுப்பேத்தப்ப இந்த மாவட்டத்துல யாரு சாப்பிட்டா, யாரு சாப்பிடலைன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஏன், சாப்பிட்டவங்களுக்கே தெரியாது!" கைதட்டினார்கள். பிறகு தட்டைப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அளவு தெரிவதற்காகத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைக்க வேண்டும். செயலி அந்த நாணயத்தை அப்பளம் என்று எடுத்துக்கொண்டது. அப்பளம் நுகர்வில் காரைக்கால் உலக சராசரியைத் தாண்டியது அப்படித்தான்.

படம் சரிவராததால் தொலைபேசியில் கேட்பதென்று முடிவானது. நாள்தோறும் மதியம் ஒன்றரை மணிக்கு அழைப்பு வரும். முதல் கேள்வி 'சாப்பிட்டீர்களா?' என்பது. இதைப் பதினோரு வல்லுநர்கள் கூடி ஒன்பது மாதம் உட்கார்ந்து வடித்தார்கள்.

காரைக்காலில் இந்தக் கேள்வியைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார். பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வருகிறவர் கேட்பார். முடிவெட்டுகிறவர் காதுக்குப் பக்கத்தில் கத்தரியை வைத்துக்கொண்டு கேட்பார். பதில் 'ஆச்சு'. சாப்பிட்டவரும் ஆச்சு என்பார், சாப்பிடாதவரும் ஆச்சு என்பார், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவரும் ஆச்சு என்பார். இல்லை என்றால் கேட்டவர் இலை போட வேண்டிவரும். அவர் வீட்டில் என்ன இருக்கிறதோ, இல்லையோ. ஒருவரை அந்தச் சங்கடத்தில் தள்ளுவதைவிட ஒருவேளை பட்டினி கிடப்பது மரியாதை. நானூறு வீடுகளும் மரியாதை தெரிந்த வீடுகள்.

"வணக்கம் சார், உலக உணவுத் தரவு ஆயத்த மன்றத்துலேருந்து நௌஷின் பேசறேன். உறுப்பினர் ஒண்ணு சாப்பிட்டாங்களா?"

"ஆச்சும்மா."

"என்ன சார் சாப்பாடு?"

அடைக்கலராஜ் திகைத்துப்போனார். ஆச்சு என்றதும் பேச்சு முடிந்துவிடும் என்பதுதான் வழக்கம். அதற்குப் பிறகு ஒரு கேள்வி உண்டு என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் சாப்பிட்டிருந்தது காலையில் ஒரு டீ, இரண்டு பன். வாயில் வந்ததைச் சொன்னார். "உப்புமா."

"மத்தியானத்துக்கு உப்புமாவா சார்? தொட்டுக்க?"

"தேங்கா சட்னி."

"உறுப்பினர் ரெண்டு?"

அவர் சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். "அவங்களும் அதேதான்," என்றார்.

மறுநாளிலிருந்து அவர் தயாராக இருந்தார். காலையில் மார்க்கெட்டுக்குப் போய் என்ன காய் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வருவார். வாங்குவதில்லை. வந்திராத காயைச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்பதற்காகத்தான். பன்னிரண்டு மணிக்கெல்லாம் சட்டை போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். முருங்கைக்காய் சாம்பார், வாழைப்பூப் பொரியல், நெத்திலி வறுவல் என்று நாளுக்கு நாள் சமையல் ஏறியது. பிறகு நாயர் கடையில் ஒரு டீயும் பன்னும்.

உறுப்பினர் இரண்டுக்கும் நாளடைவில் குணம் உண்டாயிற்று.

"அவங்களுக்குப் பாவக்கா ஆவாதும்மா. வெள்ளிக்கெழம கறி தொட மாட்டாங்க. தவக்காலத்துல ஒரு வேளைதான்."

"ஒரு வேளைதானா? அப்ப மத்தியானம் இல்லைன்னு போடவா சார்?"

"ஐயையோ, போட்டுடாதே! ஆச்சுன்னே போடு."

நௌஷின் சிரித்தாள். சிரிக்க அனுமதியில்லை போலிருக்கிறது, சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

எங்கேருந்தும்மா பேசறே என்று ஒருநாள் கேட்டார். அதைச் சொல்லக் கூடாதுங்க சார் என்றாள். டெல்லியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு மதியம் அவர் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய மீன் வண்டி போயிற்று: "சங்கரா, வவ்வா, கெழங்கா, உயிர் மீனு உயிர் மீனு." ஐந்து நிமிடம் கழித்து அதே குரல் போனுக்குள் கேட்டது: "சங்கரா, வவ்வா, கெழங்கா." அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் கிழங்கா மீன் குழம்பு.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. உணவுப் பன்முகத்தன்மையில் அடைக்கலராஜின் வீடு மாவட்டத்தில் முதலிடம், ஆசியாவில் பதினான்காவது இடம். அவருடைய இடுப்பு வேட்டி மட்டும் அடிக்கடி நழுவிக்கொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை நௌஷின் சொன்னாள்: "சார், நாளையோட முடியுது. காரைக்கால் ஆயத்தம் ஆயிடுச்சு. நூறு சதவீதம். நானூறு வீட்லயும் ஏழு மாசமா ஒரு 'இல்லை' கூட வரலை."

"இனிமே கூப்பிட மாட்டியா?"

"இல்லைங்க சார். யாராச்சும் இல்லைன்னு சொல்லியிருந்தா அந்த வூட்டுக்கு மட்டும் ஆறு மாசம் தொடர் கவனிப்பு உண்டு. டெய்லி ரெண்டு வேளையும் கால் பண்ணுவோம். அப்படி யாருமே இல்லையே."

அன்று இரவு அடைக்கலராஜ் கண்ணாடி முன்னால் நின்று "இல்லம்மா" என்று சொல்லிப் பார்த்தார். வாய் ஆச்சு என்றது. மறுபடி சொல்லிப் பார்த்தார். தெருவில் யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னார். அறுபத்துமூன்று வயதில் அந்த வார்த்தை அவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஒன்றரை மணி.

"உறுப்பினர் ஒண்ணு சாப்பிட்டாங்களா சார்?"

"இல்லம்மா," என்றார். "சாப்பிடலை."

அது உண்மையாகவும் இருந்தது.

நௌஷின், "சார், நெசமாவா போடச் சொல்றீங்க?" என்றாள். பட்டியலில் இல்லாத கேள்வி அது. "போடு," என்றார்.

உலக வரைபடத்தில் காரைக்கால் மொத்தமே ஒரு புள்ளி. ஒரு வீடு 'இல்லை' என்று சிவந்தால் ஊரே சிவக்கும். நாற்பது நிமிடத்தில் தலத்தெருவில் ஜீப் வந்து நின்றது. தமிழ்ச்செல்வன் இறங்கினார், பின்னால் டேப்லெட்டோடு மணிபாரதி.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? நாளைக்கிக் காலைல பத்து மணிக்கு அறிவிப்பு விழா. எண்பத்துமூணு நாடு நேரலையில பாக்குது!"

"கேட்டாங்க. சாப்பிடலை, சொன்னேன்."

"கேட்டா சொல்லிடறதா? நானுந்தான் காலைலேருந்து பச்சத்தண்ணி குடிக்கலை. இப்ப நீங்க என்னைய கேளுங்க."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு! பாத்தீங்களா? இவ்வளவுதான் சார் வெஷயம்."

பக்கத்து வீட்டு சலோமி சுற்றுச்சுவர் மேல் எட்டிப் பார்த்தார். "பாவம், மனுசன் சாப்பிடலைன்னா எதாச்சும் வாங்கிக் குடுக்கறதுதானே? அதுக்கு எதுக்கு ஜீப்பு?"

"அம்மா, நாங்க உணவுத் தரவு. உணவு வேற துறை."

சலோமி ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பும் ஒரு தட்டில் சோறும் கொண்டுவந்து நீட்டினார். மணிபாரதி டேப்லெட்டைத் தடவினார். "சார், இவங்க வூட்டுக் கொழம்பு ஒண்ணு முப்பத்தஞ்சுக்கே ஏறிடுச்சு. இங்கயும் போட்டா ரெட்டைப் பதிவு."

"எடுத்துட்டுப் போங்கம்மா," என்றார் தமிழ்ச்செல்வன். "ஒரே மீன் ரெண்டு வூட்ல இருக்க முடியாது."

"நல்லா இருக்குடா சாமி ஒங்க நாயம்," என்று சலோமி கிண்ணத்தோடு திரும்பினார்.

ஜீப்பில் ஒரு பிரியாணிப் பொட்டலம் இருந்ததாக மணிபாரதி நினைவுபடுத்தினார். தமிழ்ச்செல்வன் குரலைத் தாழ்த்தி, அது நாகூரில் வாங்கியது, வெளியே சொல்லாதீங்க என்றார். கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. இந்த வீட்டு அடுப்பில், இந்த வீட்டு அரிசியில், இந்த வீட்டுக்காரர் சமைத்துச் சாப்பிட வேண்டும்.

அடுக்களையில் அரிசி இருந்தது, புளி இருந்தது, முளைவிட்ட வெங்காயம் ஏழெட்டும் பழைய அப்பளம் கொஞ்சமும் இருந்தன. அடைக்கலராஜ் அரிசியை அளந்தார். பழக்கத்தில் கை இரண்டு பேருக்கு அளந்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த இருவரையும் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கை போட்டார். தமிழ்ச்செல்வன் வெங்காயம் உரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே விழா ஏற்பாடுகளைப் போனில் கேட்டார். மணிபாரதி அப்பளம் சுட்டார். "அப்பளம் தீயுதுங்க பாரதி, திருப்புங்க" என்று அடைக்கலராஜ் அதட்டினார். அந்த அடுக்களையில் ஒருவர் இன்னொருவரை அதட்டி இரண்டு வருடமாகியிருந்தது.

தட்டு போட்டதும் டேப்லெட் கேட்டது: உறுப்பினர் இரண்டு எங்கே?

"ஆமா, எங்க அவங்க?" என்றார் தமிழ்ச்செல்வன்.

மணிபாரதி சுவரில் சின்ன சிவப்பு விளக்கு எரிந்த படத்தைப் பார்த்தார். "வூட்லதான் சார் இருக்காங்க," என்றார்.

தமிழ்ச்செல்வனும் பார்த்தார். அவர் முகத்திலிருந்து அதிகாரி கொஞ்ச நேரம் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தார். "அப்ப அவங்க பங்கையும் யாராச்சும் சாப்பிட்டாகணும். தட்டு காலியா இருக்கறாப்ல படம் வேணும்."

"நீங்களே ஒக்காருங்க சார்," என்றார் அடைக்கலராஜ். "சோறு இருக்கு."

காலையிலிருந்து ஆச்சு என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், உறுப்பினர் இரண்டின் தட்டில் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். குழம்பை வழித்து விரலை நக்கினார். மணிபாரதி ஓரமாக உட்கார்ந்து, யார் கணக்கிலும் சேராமல், ஒன்றரைத் தட்டு சாப்பிட்டார்.

மூன்று இருபதுக்கு நௌஷின் கூப்பிட்டாள்.

"மறு உறுதிக்காகக் கேக்கறேன் சார். உறுப்பினர் ஒண்ணு சாப்பிட்டாங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. ஆறு மாதம், நாளுக்கு இரண்டு வேளை. அடைக்கலராஜ் தன் எச்சில் கையைப் பார்த்தார். எதிரே தமிழ்ச்செல்வன் ரசம் இல்லையா என்று கண்ணால் தேடிக்கொண்டிருந்தார். சாப்பிட்ட தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சாப்பிடவில்லை என்று சொல்ல அவர் பழகியிருக்கவில்லை.

"ஆச்சும்மா."

"என்ன சார்?"

"வெங்காயப் புளிக்கொழம்பு. சுட்ட அப்பளம்."

"அவ்வளவுதானா சார்?" என்றாள். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. பதிவேட்டில் அந்த ஏழு மாதத்தில் அவருடைய மிக மோசமான நாள் அதுதான். "உறுப்பினர் ரெண்டு?"

"ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாங்க."

"சரிங்க சார்." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "பச்சை ஆயிடுச்சு. வெச்சுடவா சார்?"

"வைம்மா."

ஜீப் போனதும் அவர் மூன்று பேர் தட்டையும் கழுவினார். நிதானமாகக் கழுவினார்.

மறுநாள் விழா மேடையில் தமிழ்ச்செல்வன் முழங்கினார்: "இந்தச் சாதனைக்கு நாங்க ஒரு படி அரிசி செலவு பண்ணலை, ஒரு அடுப்பு பத்த வைக்கலை, ஒருத்தருக்கு ஒரு வாய் சோறு போடலை. வெறும் கேள்வியாலயே காரைக்கால் மொத்தத்தையும் சாப்பிட வெச்சிருக்கோம்!" எண்பத்துமூன்று நாடுகள் திரையில் எழுந்து நின்றன. உலக ஒருங்கிணைப்பாளர் பாராட்டிப் பேசத் தொடங்கி, வாய் திறந்தபடியே உறைந்துபோனார், இணைப்பு போய்விட்டது. அடைக்கலராஜுக்கு 'முன்மாதிரிக் குடும்பம்' என்று ஒரு சட்டமிட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். இன்னொரு சான்றிதழும் தயாராக இருந்தது. உறுப்பினர் இரண்டு வராததால் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். விழாவுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு இல்லை. எல்லோருக்கும் ஆச்சு என்று தரவு காட்டியதால் ஏற்பாடு செய்யவில்லை.

வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றரை மணியாயிற்று. ஒன்று முப்பத்துநான்குக்குப் போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்தார்.

"அன்பான வாடிக்கையாளரே," என்றது ஒரு பெண் குரல்.

"ஆச்சும்மா, ஆச்சு. ரெண்டு பேருமே ஆச்சு. கீரை மசியலும் எறா தொக்கும். இன்னிக்கி விழாவுக்குப் போய்ட்டு வந்ததால கொஞ்சம் லேட்டு. நீ சாப்பிட்டியா?"

உங்கள் ரீசார்ஜ் திட்டம் இன்றுடன் முடிவடைகிறது என்றது குரல். அது பதிவு செய்த குரல்.